வலைப்பாதையில் முதல் இலையுதிர் காலம்: பறவை வளையமிடும் நிலையத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பறவையைக் கையில் பிடித்துப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் பெரும்பாலானோர் வளையமிடும் நிலையத்துக்கு, அதாவது பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, அளந்து விட்டுவிடும் இடத்துக்கு, வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். முதல் இரண்டு வாரம் என் கையில் இருந்தவை ஒரு பென்சிலும் செடி வெட்டும் கத்தரியும்தான். வலைக்கு இருபுறமும் மண்டிக்கிடந்த புதரை இடுப்பு உயரத்துக்கு வெட்டச் சொன்னார்கள். ஏன் இடுப்பு உயரம் என்று கேட்டேன். "போன வருஷமும் அதே உயரம்தான்" என்றார் பொறுப்பாளர். இதெல்லாம் ஒரு பதிலா என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன்.

அந்தப் பதிலில்தான் மொத்த வேலையும் இருக்கிறது என்று புரிய ஒரு பருவம் ஆனது. இந்த ஆண்டு ஒரு கதிர்க்குருவி இனம் வலையில் பாதியாகக் குறைந்தால், பறவையே குறைந்துவிட்டதா, அல்லது செடி உயர்ந்து பறவைகள் வலைக்கு மேலாகப் போய்விட்டனவா என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். அதற்குப் பறவையைத் தவிர வேறு எதுவும் மாறியிருக்கக் கூடாது. அதே இடம், அதே வலை, அதே நேரம், அதே புதர். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் இதையொட்டி வருவதுதான்.

காலில் வளையம் மாட்டும் பழக்கம் பழையது. டென்மார்க்கின் வீபோர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன் 1890இல் துத்தநாக வளையத்தை மாட்டிப் பார்த்து, பறவைக்குக் கனம் அதிகம் என்று விட்டுவிட்டார். 1899இல் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை 165 ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டினார். இரண்டே ஆண்டில், 1901இல், பால்டிக் கரையில் ராசிட்டனில் முதல் பறவை ஆய்வு நிலையம் வந்தது. வட அமெரிக்காவின் லாங் பாயின்ட் நிலையம் 1960இல் தொடங்கியது. இவை பெரும்பாலும் மணல்திட்டு, முனை, தீவு போன்ற இடங்களில் இருப்பது தற்செயல் இல்லை. இரவெல்லாம் பறந்த பறவை விடியும்போது தண்ணீரைக் கண்டால், கிடைக்கும் கடைசித் துண்டு நிலத்தில் இறங்கப் பார்க்கும்.

போவதற்கு முன்

முதலில் அனுமதி. காட்டுப் பறவையைப் பிடிப்பதும் வளையமிடுவதும் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உரிமம் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடியவை. நீங்கள் அவருடைய பொறுப்பின்கீழ் பயிற்சியாளராகத்தான் சேர முடியும். சொந்தமாக வலை வாங்கித் தோட்டத்தில் கட்டிப் பழகிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். அது சட்டவிரோதம். பழகாத கையில் பறவை செத்தும் போகும்.

அப்புறம் உடை. வலையின் நூல் தலைமுடியைப் போல மெல்லியது, எதில் வேண்டுமானாலும் மாட்டும். சட்டைப் பொத்தான், கைக்கடிகாரத்தின் கொக்கி, மோதிரம், வளையல், ஜிப்பின் நாக்கு எல்லாமே எதிரிகள். பொத்தான் இல்லாத, கழுத்து மூடிய பழைய பனியன் துணிச் சட்டை போதும். காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணி ஏறாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பூச்சி விரட்டித் தைலம் பூசினால் உள்ளங்கையில் படாமல் பூசுங்கள், அது இறகைக் கெடுக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் வாசிப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். வளையத்தில் இருக்கும் எண் எறும்பு அளவுதான். தலையில் மாட்டும் விளக்கும் வேண்டும்.

பறவை இனங்களை முழுவதும் படித்துவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. அந்த நிலையத்தில் இலையுதிர் காலத்தில் அதிகம் சிக்கும் 20 இனங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அவற்றை மட்டும் நன்றாகப் பாருங்கள். இளம் பறவையின் தோற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப் பருவத்தில் வலையில் விழுபவற்றில் பெரும்பங்கு அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள்தான். கடற்கரை நிலையங்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல்.

விடியலுக்கு முன்: வலை விரித்தல்

பல நிலையங்களில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வலை திறந்து, ஆறு மணி நேரம் கழித்து மூடுவார்கள். அப்படியென்றால் கடைசி வலை திறக்க வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே நீங்கள் முதல் வலையருகே நிற்க வேண்டும். ஐந்து நிமிடத் தாமதத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். விடிந்ததும் வரும் முதல் ஒரு மணி நேரம்தான் பல நாட்களில் மொத்தப் பிடிப்பில் பெரும்பகுதியைத் தரும். அந்த ஐந்து நிமிடம் மற்ற ஐந்து நிமிடங்களைப் போன்றதல்ல.

சாதாரணமாகப் பயன்படும் வலை 12 மீட்டர் நீளம், சுமார் இரண்டரை மீட்டர் உயரம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கும். குறுக்கே நான்கைந்து தடித்த கயிறுகள் ஓடும். ஒவ்வொரு கயிற்றுக்கும் மேலே வலை தொளதொளவென்று பை போலத் தொங்கும். பறவை வலையில் மோதி, அந்தப் பைக்குள் விழுந்து கிடக்கும். அதனால் வலையை வீணைக் கம்பி போல இழுத்துக் கட்டினால் பறவை மோதித் திரும்பிப் போய்விடும். மிகவும் தளர்த்தினால் பை தரையைத் தொடும், சிக்கிய பறவை ஈரத்தில் கிடக்கும், எறும்பு ஏறும். குறுக்குக் கயிறு விறைப்பு, நடுவில் வலை தளர்வு. இதைக் கண்ணால் பழகத்தான் வேண்டும்.

விரிக்கும்போது கட்டு நாடாக்களை அவிழ்த்துச் சட்டைப்பையில் போடுங்கள். கீழே போட்டால் இருட்டில் கிடைக்காது. மேல் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கம்பத்தில் ஏற்றி, முறுக்கு இல்லாமல் இறக்கி, வலையின் முழு நீளமும் நடந்து இலை, குச்சி எதையும் எடுத்துவிடுங்கள். அடிக் கயிறு தரையிலிருந்து ஒரு முழமாவது மேலே இருக்கட்டும். வலை எண்ணையும் திறந்த நேரத்தையும் உடனே எழுதுங்கள். மேசைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால், போகும் வழியில் ஏதாவது பறவை கூப்பிடும், நேரம் மறந்துவிடும்.

வலைச்சுற்று

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா வலைகளையும் சுற்றி வர வேண்டும். வெயில் ஏறினாலோ, குளிர் கடித்தாலோ, காற்று வீசினாலோ இருபது நிமிடம், பதினைந்து நிமிடம் என்று குறைத்துக்கொள்வார்கள். ஒரு பறவையும் இல்லாத சுற்றாக இருந்தாலும் போய்ப் பார்த்தே தீர வேண்டும். வெறும் வலையென்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். கடைசிப் பையில், புல்லுக்குப் பின்னால், பழுத்த இலை மாதிரி ரென் என்ற குட்டிக் குருவி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். நான் அப்படி ஒன்றைத் தவறவிட்டு, அடுத்த சுற்றில் வந்தவர் எடுத்தார். பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வலையில் பல பறவைகள் இருந்தால் வரிசைப்படி எடுக்காதீர்கள். முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரையை ஒட்டிக் கிடப்பதையும், கழுத்து முறுக்கித் தொங்குவதையும், மிகச் சிறியதையும் முதலில் எடுங்கள். பக்கத்து மரத்தில் வல்லூறு வந்து உட்கார்ந்திருந்தால் ஒருவர் வலையருகே காவலுக்கு நிற்க வேண்டும். வலை அதற்கு விருந்துப் பந்தி.

இப்போது எடுப்பதைப் பற்றி. புதியவர்கள் பயப்படுவதும் தப்பு செய்வதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: பறவை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? பையின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். மறுபக்கத்தில் நின்று எவ்வளவு இழுத்தாலும் சிக்கல் இறுகத்தான் செய்யும். தெரியவில்லை என்றால் பறவையின் வயிற்றைப் பாருங்கள். நூல் இல்லாமல் இறகு வெளியே தெரியும் இடம் ஒன்று இருக்கும். அதுதான் வந்த வாசல்.

வாசல் தெரிந்ததும், கையை உள்ளே விட்டுப் பறவையின் முதுகை உள்ளங்கையில் ஏந்துங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து வரட்டும், மற்ற விரல்கள் உடலைத் தளர்வாகச் சூழ்ந்திருக்கட்டும். வளையமிடுபவர்கள் பிடிக்கும் பிடி இதுதான். கழுத்தை நெரிக்க வேண்டியதில்லை, தலை பின்னால் வழுகாமல் இருந்தால் போதும். மார்பை மட்டும் ஒருபோதும் அழுத்தாதீர்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அதை அமுக்கினால் சத்தமே இல்லாமல் மூச்சு நின்றுவிடும்.

அப்புறம் கால். பெரும்பாலும் விரல்கள் நூலை இறுகப் பிடித்திருக்கும். பட்டாணிக்குருவி என்றால் கேட்கவே வேண்டாம், இரண்டு காலாலும் கைக்கு அகப்பட்ட நூலையெல்லாம் அள்ளிப் பிடித்துக்கொண்டு, உங்கள் நகக்கண்ணையும் கொத்திக்கொண்டிருக்கும். விரலைப் பிரிக்க முயலாமல், காலை மெதுவாகப் பின்பக்கமாக நீட்டுங்கள். கால் நீண்டால் விரல்கள் தாமாக விரியும். நூலை நகத்தின் பக்கமாகத் தள்ளி எடுங்கள். இரண்டு காலும் விடுபட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து ஒரு இறக்கை. மடங்கிய இறக்கையின் முன் மூட்டில் நூல் தொங்கும், அதை மூட்டின் மேலாக உருட்டி இறக்கினால் இறக்கை வெளியே வரும். பிறகு மறு இறக்கை. கடைசியில் தலை, சட்டை கழற்றுவது போல, பிடரியிலிருந்து அலகை நோக்கி.

நாக்கில் நூல் மாட்டியிருந்தால் நிறுத்திவிட்டு அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள். பூங்குருவி வகைகளில் இது அடிக்கடி நடக்கும். நாக்கின் பின்புறம் முள் போன்ற கொக்கிகள் உண்டு, நூல் அதற்குப் பின்னால் போய்விட்டால் இழுக்க இழுக்கக் காயம். இன்னொரு விஷயம்: இரண்டு நிமிடம் முயன்றும் முன்னேற்றம் இல்லை என்றால், வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்னக் கத்தரி இருக்கும். நூலை வெட்டினால் வலையில் ஓட்டை விழும். விழட்டும், அதைத் தைத்துக்கொள்ளலாம்.

எடுத்த பறவையைத் துணிப்பையில் போட்டு வாயைச் சுருக்குக் கயிற்றால் கட்டுங்கள். ஒரு பைக்கு ஒரு பறவை. பையின் தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே நூல் பிசிறு இருந்தால் நகம் மாட்டும். வலை எண்ணும் நேரமும் எழுதிய கிளிப்பைப் பையில் மாட்டுங்கள். பைகளைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காமல், உடம்பில் மோதாதபடி தள்ளிப் பிடித்து வாருங்கள். வந்ததும் நிழலில் ஆணியில் தொங்கவிட வேண்டும். மேசைமேலோ நாற்காலிமேலோ வைக்கவே கூடாது. யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். சிரிக்காதீர்கள், இது விதியாக எழுதப்பட்டதற்குக் காரணம் இருக்கும்.

மேசையில்

உங்களை முதலில் எழுதுபவராக உட்கார வைப்பார்கள். அதைத் தண்டனை என்று நினைக்க வேண்டாம். வளையமிடுபவர் சொல்லும் ஒவ்வொன்றையும் எழுதி, சத்தமாகத் திருப்பிச் சொல்வது உங்கள் வேலை. "நாற்பத்தொன்று" என்று காதில் விழுந்ததும், இந்த இனத்துக்கு இறக்கை நீளம் நாற்பத்தொரு மில்லிமீட்டர் இருக்க முடியுமா என்று யோசிக்கும் இன்னொரு மூளை மேசையில் இருக்க வேண்டும்.

எந்த நிலையத்திலும் முதல் வேலை வளையம்தான். பறவை தப்பிப் பறந்தால்கூட, வளையம் மாட்டிய பறவை என்ற பதிவாவது இருக்கும். ஆனால் மாட்டும் முன் இனம் உறுதியாக வேண்டும். வளையத்தின் அளவு இனத்துக்கு இனம் மாறும், சில இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்குமே மாறும். சந்தேகம் இருந்தால் கால் அளவியை வைத்துப் பாருங்கள். திறந்த வளையத்தைக் குறட்டின் வட்டத் துளையில் வைத்து, காலில் கோத்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடும்வரை அழுத்த வேண்டும். இடைவெளி இருந்தால் புல்லோ நூலோ மாட்டும். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் காலை உரசும். மாட்டியபின் வளையம் காலில் மேலும் கீழும் ஓட வேண்டும், சுற்ற வேண்டும். பிறகு எண்ணை இன்னொருமுறை, இந்தமுறை காலில் இருக்கும் வளையத்தையே பார்த்து வாசியுங்கள். வளையச் சரத்தில் அடுத்து வர வேண்டிய எண் இதுதானே என்று ஊகித்து எழுதுவது மிகப் பழைய, மிகக் கெட்ட பழக்கம்.

வயதுக் குறியீட்டில் ஒரு பொறி இருக்கிறது. வட அமெரிக்க முறையில் 2 என்றால் இந்த ஆண்டு பிறந்தது. ஐரோப்பிய முறையில் 2 என்றால் வளர்ந்த பறவை, பிறந்த ஆண்டு தெரியாது என்று பொருள். இந்த ஆண்டுக் குஞ்சுக்கு அங்கே 3. இரண்டு இடங்களிலும் பயிற்சி எடுத்தவர்கள் களைத்துப்போன பதினொரு மணிக்கு இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கணக்குப்படி எல்லாப் பறவைக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடிவிடும்.

வயதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? இலையுதிர் காலத்தில் இதற்கு இறக்கையே நல்ல சாட்சி. பல சிறு பறவைகளில் இந்த ஆண்டுக் குஞ்சு கூட்டைவிட்டு வந்தபின் உடல் இறகுகளையும், இறக்கையை மூடும் சிற்றிறகுகளில் சிலவற்றையும் மட்டும் மாற்றிக்கொள்ளும். பறப்பு இறகுகள் கூட்டில் முளைத்தவையே. அதனால் இறக்கையை விரித்து வெளிச்சத்தில் சாய்த்தால், சிற்றிறகுகளின் ஒரே வரிசையில் உடலை ஒட்டி உள்ளே இருப்பவை அடர்நிறமாகவும் பளபளப்பாகவும், வெளியே இருப்பவை வெளுத்து, கொஞ்சம் குட்டையாகவும் தெரியும். பழைய சட்டைக்குப் புதுத்துணியில் ஒட்டுப்போட்டது மாதிரி ஒரு எல்லை. முதிர்ந்த பறவையில் அந்த எல்லை இருக்காது, எல்லாம் ஒரே காலத்தில் முளைத்தவை. வாலும் உதவும்: குஞ்சின் வாலிறகு முனை பெரும்பாலும் கூர்ந்திருக்கும். மண்டையோட்டைப் பார்க்கும் முறையும் உண்டு. தலை இறகை ஈரப்படுத்தி விலக்கித் தோலுக்கு அடியில் பார்த்தால், இளம் பறவையில் ஒரே சீரான இளஞ்சிவப்பு, முதிர்ந்ததில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்த வெளிர்நிறம். இதைப் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். பருவம் முற்ற முற்றக் குஞ்சுகளின் மண்டையும் மூடிக்கொண்டே வரும் என்பதால், நவம்பரில் இதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

வயது தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அதற்கும் குறியீடு இருக்கிறது. ஊகத்தைவிட அது மேல்.

இறக்கை நீளத்தில் இரண்டு வழக்கம். மடங்கிய இறக்கையை அதன் இயல்பான வளைவோடு அளப்பது ஒன்று, தட்டையாக்கி நேராக்கி அளப்பது மற்றொன்று. இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் வேறுபாடு வரும். உங்கள் நிலையத்தில் எது என்று கேட்டு அதையே செய்யுங்கள்.

கொழுப்பு பார்ப்பதுதான் எனக்கு இன்றுவரை அலுக்காத பகுதி. பறவையை மல்லாத்திப் பிடித்து, தொண்டைக்குக் கீழே இறகை மெதுவாக ஊதினால் பிரியும். உள்ளே கண்ணாடிக் காகிதம் போன்ற தோல். அதற்கடியில் கவட்டெலும்பின் இரண்டு கரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி. வெறும் வயிறாக வந்திறங்கிய பறவையில் அந்தக் குழி சிவந்த தசையோடு உள்வாங்கியிருக்கும். கிளம்பத் தயாரான பறவையில் மஞ்சள் வெண்ணெய் வைத்து நிரப்பியது போல இருக்கும். சிலவற்றில் குழி மேடாகவே எழும்பி, வயிறும் மஞ்சள் போர்த்தியிருக்கும். குழி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பார்த்து, 0 முதல் 5 அல்லது 0 முதல் 8 வரை மதிப்பெண் போடுவார்கள். பிளாக்போல் வார்ப்ளர் என்ற சிறு பறவை சாதாரணமாக 12 கிராம் எடைதான். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பும் முன் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பிறகு அட்லாண்டிக் மேல் இரண்டு மூன்று நாள் நிற்காமல் 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் பறக்கிறது என்று வெளிச்சத்தின் அளவைப் பதிந்து இருப்பிடத்தைக் கணிக்க உதவும், முதுகில் கட்டிய சிறு கருவிகளைக் கொண்டு 2015இல் காட்டினார்கள். நீங்கள் ஊதிப் பார்க்கும் அந்த மஞ்சள்தான் அந்தப் பயணத்தின் எரிபொருள்.

கடைசியாக எடை. தராசில் ஒரு குழாய் நிற்கும், பறவையைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் இருட்டில் அமைதியாகிவிடும். எண் நின்றதும் படித்துச் சொல்லி, விட்டுவிடலாம். தரைக்கு அருகே உள்ளங்கையைத் திறந்தால் போதும், எறிய வேண்டாம். சில பறவைகள் உள்ளங்கையிலேயே ஒரு நிமிடம் யோசித்துக்கொண்டு கிடக்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ, கண்ணை மூடினாலோ, இறகைச் சிலிர்த்துப் பந்தாகினாலோ அளவு எதுவும் வேண்டாம், அந்தக் கணமே விட்டுவிடுங்கள், அல்லது கதகதப்பான இடத்தில் தனியாக வைக்கும்படி பொறுப்பாளரிடம் கொடுங்கள். பாதி நிரம்பிய வரிசை பதிவேட்டில் இருப்பதில் தப்பில்லை.

இந்த நேரத்தில் இறகுக்குள்ளிருந்து தட்டையான ஒரு ஈ நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி வந்து உங்கள் சட்டைக் கழுத்துக்குள் புகுந்தால் கத்தாதீர்கள். பறவைப் பேன்ஈ அது. எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும். கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், நோயுற்றது போலத் தெரிந்த பறவை இருந்த பையைத் துவைக்காமல் மறுபடி எடுக்காதீர்கள்.

பெரிய நாளும், மூட வேண்டிய நாளும்

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் வலசை போகின்றன. சூரியன் மறைந்து அரை மணி, முக்கால் மணி கழித்துக் கிளம்பும். வட அரைக்கோளத்தில், இலையுதிர் காலத்தில் ஒரு குளிர்முகம் (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்து போய், வானம் தெளிந்து, வடக்கிலிருந்து காற்று வீசும் இரவு அவற்றுக்குத் திருவிழா. முதல் நாள் மாலை வானிலை வரைபடம் பார்க்கப் பழகுங்கள். அப்படிப்பட்ட இரவில் விடியலுக்கு முன் மழையோ மூடுபனியோ வந்து மறித்தால், பறந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமாக இறங்கும். மறுநாள் காலை எல்லாப் புதரும் அசையும்.

நான் பார்த்த அப்படியொரு காலையில், முதல் சுற்றில் மூன்றாவது வலைக்குப் போவதற்குள்ளேயே எங்கள் கையில் இருந்த பைகள் தீர்ந்துவிட்டன. எனக்கோ ஒரே கொண்டாட்டம், இன்றைக்குச் சாதனை எண்ணிக்கை என்று. பொறுப்பாளர் வலையைப் பார்க்கவே இல்லை, எங்களை எண்ணினார். எடுக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். உடனே பாதி வலைகளை மூடச் சொன்னார். அடுத்த சுற்றில் சிக்கியவற்றில் பலவற்றை வளையம் இல்லாமல் வலையருகிலேயே விட்டோம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் அன்று ஒரு பறவையும் சாகவில்லை. வலையைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: நிறைய விழுந்தால், நேரத்துக்குள் எடுக்க ஆள் இருக்கிறதா?

மழை வந்தால் மூட வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. நனைந்த பறவை வலையில் மிக விரைவில் குளிர்ந்துபோகும். வலை பாய்மரம் போல உப்பும் அளவுக்குக் காற்று என்றாலும், வெயில் நேரடியாக விழும் வலை என்றாலும் மூடுவதே சரி.

பருவம் நெடுக ஒரே பறவைகள் வருவதில்லை. பொதுவாகப் பூச்சி தின்னிகள் முதலில் போகும். ஐரோப்பாவில் ஆகஸ்டில் வில்லோ கதிர்க்குருவி, அக்டோபரில் ராபினும் கோல்ட்கிரெஸ்டும். வட அமெரிக்காவில் செப்டம்பர் வார்ப்ளர்களுக்கு, அக்டோபர் கிங்லெட்டுகளுக்கும் ஹெர்மிட் பூங்குருவிக்கும். ஆகவே ஒரு வாரம் மட்டும் வந்துவிட்டு இந்த நிலையத்தில் இவைதான் வரும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கணக்கு

ஒரு 12 மீட்டர் வலை ஒரு மணி நேரம் திறந்திருந்தால் அது ஒரு வலைமணி. 10 வலைகள் 6 மணி நேரம் என்றால் 60 வலைமணி. அன்று 45 பறவை என்றால், 100 வலைமணிக்கு 75. மறுநாளும் 45தான். ஆனால் காற்றினால் 4 வலைகளை 3 மணி நேரத்திலேயே மூடிவிட்டீர்கள். 36 உடன் 12, ஆக 48 வலைமணி. இப்போது 100 வலைமணிக்கு ஏறக்குறைய 94. மூடிய நேரத்தை எழுத மறந்திருந்தால் இரண்டு நாளும் ஒன்றே என்றுதான் பதிவேடு சொல்லியிருக்கும். ஒன்றும் சிக்காத நாளுக்கும் இதே கணக்கு உண்டு. வலை திறந்து பூச்சியம் கிடைத்ததும், வலையே திறக்காததும் ஒன்றல்ல. பூச்சியத்தைப் பூச்சியம் என்றே எழுதுங்கள்.

வலை எல்லாவற்றையும் பிடிக்காது. உச்சிக்கிளையில் மேய்பவை, உயரப் பறக்கும் தகைவிலான், பெரிய பறவைகள் எதுவும் அதில் வராது. அதனால் பல நிலையங்களில் தினமும் ஒருவர் குறித்த பாதையில் குறித்த நேரத்துக்கு நடந்து, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுவார். புதியவர்கள் இந்த நடைக்குப் பெயர் கொடுப்பதில்லை, வலைப்பக்கமே சுற்றுகிறார்கள். பறவை அடையாளம் கற்க அதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது.

என்றாவது ஒருநாள் பையைத் திறந்தால் காலில் ஏற்கெனவே வளையம் இருக்கும். உங்கள் நிலையத்து எண் என்றால், எத்தனை நாள் தங்கியது, எவ்வளவு எடை கூடியது என்று தெரியும். வேறு ஊர் எண் என்றால் மேசையே பரபரப்பாகும். சிறு பறவைகளில் வளையமிட்ட நூற்றில் ஒன்று இன்னோரிடத்தில் மீண்டும் அகப்படுவதே அரிது. அப்போது இன்னொரு வளையம் மாட்டாதீர்கள். எண்ணை நீங்கள் ஒருமுறை, இன்னொருவர் ஒருமுறை தனித்தனியே வாசித்து எழுதி ஒப்பிடுங்கள், படமும் எடுங்கள். எண் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் லேசன் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை ஒன்று சாட்சி. அமெரிக்கப் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் 1956இல் அதற்கு வளையமிட்டார். 2002இல் அதே தீவில் அதே பறவை அவர் கைக்கே மறுபடி வந்தது. இடையில் தேய்ந்த வளையங்களை மாற்றியவர்கள் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்து எழுதி வைத்திருந்ததால்தான் அதை அடையாளம் காண முடிந்தது.

மூடுதல்

ஆறாவது மணி முடியும்போது கடைசிச் சுற்று. பறவைகளை எடுத்தபடியே, கயிறுகளைக் கம்பத்தில் ஒன்றாகச் சேர்த்து, வலையைச் சுருட்டி, மூன்று நான்கு இடங்களில் நாடாவால் கட்டுங்கள். தளர்ந்து தொங்கும் சுருள் காற்றில் விரிந்தால் ஆளில்லாத நேரத்தில் பறவை மாட்டும், அதனால் இறுக்கமாகவே கட்டுங்கள். கட்டிய வலையின் முழு நீளத்தையும் ஒருமுறை கையால் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். சுருளுக்குள் சேர்ந்து சுருட்டப்பட்ட கிங்லெட் ஒரு காய்ந்த இலை அளவுதான் கைக்குத் தட்டுப்படும். மேசைக்குத் திரும்பியதும் எல்லாப் பைகளையும் உள்பக்கம் வெளியே புரட்டி உதறி, காலையில் எடுத்துப்போன எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு பை குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.